வராத பேருந்துக்கு எளிமை என்று பெயர்

திருமானூரிலிருந்து மேற்கே திருமழபாடிக்குக் கார் ஓட்டிப் போவது சுகமான காரியம்தான். இடப்பக்கம் கொள்ளிடக்கரை, வலப்பக்கம் வயல். போன மாசி மாதம் பெங்களூர் நண்பர்கள் இருவரோடு அப்படிப் போனேன். வழியில் ஒரு புளியமரத்தடியில் மஞ்சப்பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி நண்பன் படம் எடுத்தான். வெயில், மரம், சுருக்கம் விழுந்த முகம் என்று எல்லாம் சரியாக அமைந்துவிட்டது அவனுக்கு.

"படம் எடுத்தாச்சுல்ல தம்பி? மழபாடி வரைக்கும் கார்ல எடம் இருக்குமா? ரெண்டரை மணி பஸ்ஸு இன்னும் காணோம்" என்றார்.

பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, "வந்தா வரும்" என்றார். ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் அதே படம் வந்தது. கீழே ஒரு வரி: 'அவசரமே இல்லாத வாழ்க்கை.' நானும் அதற்கு ஒரு ஹார்ட் போட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஹார்ட்டுக்கு எதிராக எழுதப்படுவது.

வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதிக்குப் போயிருக்கிறேன். ஆமிஷ் மக்கள் வாழும் இடம். 340ஆம் எண் சாலையில் அவர்களுடைய குதிரை வண்டிகளுக்குப் பின்னால் எங்களைப் போன்றவர்களின் கார்கள் ஊர்ந்தன. 1985இல் வந்த 'விட்னஸ்' படத்துக்குப் பிறகு உலகமே வேடிக்கை பார்க்கும் ஊர் அது. கேமராவுக்கு முகம் காட்டி நிற்பது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதது. அது தெரிந்தும் கார் ஜன்னல்களிலிருந்து போன்கள் நீண்டன. என்னுடையதும்தான்.

ஆனால் ஒரு விஷயத்தை அங்கே கவனித்திருக்க வேண்டும். ஆமிஷ் மக்களிடம் கார் இல்லாததற்குக் காரணம் கார் அந்த ஊருக்கு வராதது அல்ல. வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு புதிய பொருள் வந்தால் அது குடும்பத்தை, அக்கம்பக்கத்தை என்ன செய்யும் என்று ஒவ்வொரு சபையும் யோசிக்கிறது. அதனால்தான் பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள் பட்டறையில் காற்றழுத்த இயந்திரம் ஓட்டுகிறார்கள். மென்பொருள் துறையில் பதினைந்து வருஷம் இருக்கிறேன். ஒரு கருவியை வெளியிடும் முன் இந்தக் கேள்வியைக் கேட்ட கூட்டம் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை.

அவர்களையும் புனிதமாக்க வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தும் உரிமையை 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்கள் பெற்றோர்கள். பதினாலு வயசுப் பிள்ளை உண்மையில் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது நியாயமான கேள்வி. இருந்தாலும் அங்கே தேர்வு என்ற ஒன்றைப் பற்றியாவது வாதாட முடிகிறது.

புளியமரத்தடி அம்மா எந்தச் சபையில் உட்கார்ந்து பஸ் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்? இல்லாமையும் எளிமையும் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். நாம் இறங்கிக் கேட்பதில்லை. கேட்டால் படம் கெட்டுப்போகும். இதே அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளுக்குச் சாலை இருக்கிறது. அந்தச் சாலைகளை யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை. அழகான கிராமம் என்பது நாம் வெட்டி ஒதுக்கியது போக மிச்சமிருக்கும் சட்டகம்.

"ஊர் மாறாம இருக்கணும்டா" என்று நண்பன் சொன்னான். திருமழபாடி வைத்தியநாதர் கோயிலே அதற்குப் பதில் சொல்லும். ராஜராஜன் காலத்தில் அங்கே பழைய விமானத்தைப் பிரித்துக் கட்ட உத்தரவானது. பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தார்கள். 1026 வாக்கில், ராஜேந்திரன் காலத்தில், அவை புதுச்சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. மாற்றம் வேண்டும், ஆனால் கொடைக் கணக்கு தொலையக் கூடாது என்று நினைத்தவர்களின் வேலை அது. நாம் 'தொன்மை' என்று தடவிப் பார்க்கும் எழுத்தில் பெரும்பாலும் இருப்பது வரவும் உரிமையும்தான். மூவர் பாடிய ஊர், பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குத் திருவையாற்று மாப்பிள்ளை வந்திறங்கும் ஊர். ஊர்வலமும் போக்குவரத்துமாக இருந்த ஊரை உறைந்த ஊராக்கியது நம்முடைய ரசனை.

கிராமத்துக்குக் கார் ஓட்டிப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் இன்னும் போவேன், அந்தக் கரையும் காற்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே நிற்பவரைப் பார்த்தால் முதலில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பின்சீட்டில் கிடக்கும் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் குழுவில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டுமென்றால், ரெண்டரை மணி பஸ் வரவில்லை என்று எழுதுங்கள்.