வக்கீலின் தவறுக்கு யாரிடம் போவது?

ஜெயமங்கலத்து விவசாயி ஒருவர் நில வழக்கில் தோற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். வக்கீலின் கவனக்குறைவால் கெடு தவறினால் நட்டம் விவசாயிக்குத்தான். வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் புகார் தரலாம். அது கண்டிக்கும், தொழில் செய்யத் தடை விதிக்கும், பெயரையே நீக்கும்; இழந்த நிலத்துக்கு ஈடு வாங்கித் தராது. ஈடு கேட்க உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அலட்சியத்தால் விளைந்த நட்டத்துக்கு வக்கீல் பொறுப்பு என்று 1926-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் பெரியகுளம் நீதிமன்றத்தில் தினமும் முகம் பார்க்கும் சக வக்கீல் மீது வழக்குப் போட எத்தனை வக்கீல்கள் முன்வருவார்கள்? அமெரிக்காவில் வக்கீல்களின் அலட்சியத்துக்கு ஈடு கேட்கும் வழக்குகளையே தனித்துறையாக நடத்தும் வக்கீல்கள் உண்டு. நமக்கும் அவர்கள் வேண்டும்.

தோற்றவரெல்லாம் வக்கீல் மீது பாய்வார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் தோல்வி வேறு, அலட்சியம் வேறு. கெடு தவறியதைத் தேதியே நிரூபிக்கும். வாதம் எடுபடாமல் போனதற்கு யாரும் ஈடு கேட்க முடியாது. இந்த வேறுபாட்டை அறிந்த வக்கீல், வீண் வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். நேர்மையான வக்கீல்களுக்கும் அதுவே காப்பு. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இயங்குகிறது. அங்கே இத்துறையில் பயிற்சி பெற்ற வக்கீல்களின் பட்டியலைப் பார் கவுன்சில் வெளியிட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விசாரணைகளையும் அங்கேயே நடத்த வேண்டும்.