சும்மா இருப்பவர் யார்?

கரிசல் சீமையிலிருந்து ஓர் இளம் தாய் நமது பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது இருபத்தாறு. கணவர் நூற்பாலைத் தொழிலாளி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தம் தாயாரிடமும் மாமியாரிடமும் கற்ற சில சமையல் பக்குவங்களை மாதர் பகுதிக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே, வாழ்க்கையில் தாம் செய்து முடிக்க விரும்பும் காரியங்கள் நான்கையும் வரிசையிட்டு எழுதியிருக்கிறார். தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வது ஒரே வாசகந்தான்: "எனக்கு வேலை எதுவும் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்."

இந்தச் "சும்மா" என்ற சொல்லைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

அவர் எழுதியுள்ள பக்குவங்களைப் பாருங்கள். கறுப்பு உளுந்தைத் தோலோடு வாசம் வர வறுத்து, நாலுக்கு ஒரு பங்கு பச்சரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கட்டி விழாமல் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு இறக்கும் களி. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பது. பருத்தி விதையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால். தீ எப்போது தணிய வேண்டும், பாகு எந்தப் பதத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தேர்ந்த தொழிலாளியின் கணக்கோடு எழுதப்பட்டிருக்கிறது. இது தொழில் அறிவு அல்லவென்றால் வேறு எது தொழில் அறிவு?

இளம் வயதில் கணவரை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள் வீட்டுச் சமையலை அளவோடும் முறையோடும் எழுதி, 1951-ம் ஆண்டில் "சமைத்துப் பார்" என்று நூலாக வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகப் புதுக் குடித்தனம் போன பெண்கள் அதைக் கையோடு எடுத்துச் சென்றார்கள். அடுப்படி அறிவு அச்சேறினால் நூல். கம்பெனியின் பொட்டலத்தில் ஏறினால் சரக்கு. ஓட்டலில் பரிமாறப்பட்டால் வியாபாரம். ஆனால் அதே கைகள் வீட்டுக்குள் அதே வேலையைச் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் "சும்மா"!

கணக்கைப் பார்ப்போம்

இது நம் கற்பனை அல்ல. மத்திய சர்க்காரின் புள்ளியியல் துறையே 2024-ம் ஆண்டில் நாடெங்கும் நேரப் பயன்பாட்டுச் சர்வே நடத்தியது. கூலியற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்கு 289 நிமிஷங்கள் உழைக்கிறார். ஈடுபடும் ஆணோ 88 நிமிஷங்கள். இது சராசரி. பெண்ணின் உழைப்பை ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1,758 மணி நேரம் ஆகிறது. ஆலைக் கணக்கில் சொன்னால், எட்டு மணி நேர வேலை நாட்கள் சுமார் 220!

எட்டு மணி நேர வேலை நாளுக்காகச் சிக்காகோவில் தொழிலாளர் ரத்தம் சிந்தியது 1886-ல். சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியது 1923-ல். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அந்தக் கொடியின் நிழல் அடுப்படி வரை நீளவில்லை. அங்கே வார விடுமுறை கிடையாது, மிகைநேரப் படி கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது.

செத்த பிறகுதானா மதிப்பு?

நம் நாட்டின் நீதிமன்றங்கள் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை போட்டதே இல்லையா? போட்டிருக்கின்றன. ஒரு தீ விபத்தில் மாண்டவர்களுக்கான நஷ்டஈட்டு வழக்கில், குடும்பப் பெண்ணின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் கணக்கிட்டது. இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் சேர்க்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முறையை அதே கோர்ட் 2010-ல் கண்டித்தது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் கவனியுங்கள்: இவை இரண்டும் அந்தப் பெண் இறந்த பிறகு நடந்த வழக்குகள்! உயிரோடு உழைக்கும்வரை "சும்மா". பிணமான பின்புதான் ரூபாய்க் கணக்கு!

உயிரோடு இருக்கும்போதே உரிமை உண்டு என்ற குரல் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து 2023 ஜூன் மாதம் எழுந்தது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவன் வெளியே சம்பாதிக்க முடிந்தது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. இது ஒரு வழக்கின் தீர்ப்பாக நின்றுவிடாமல், நாட்டின் சட்டமாக வேண்டும்.

2023 செப்டம்பர் 15-ல் தமிழக சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. பிச்சை என்று சொல்லாமல் "உரிமை" என்று பெயரிட்டதை வரவேற்கிறோம். எனினும் மேலே சொன்ன மணிக்கணக்கில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. இது கூலியாகாது, உழைப்பு என்று ஒப்புக்கொண்டதற்கு ஓர் அச்சாரம், அவ்வளவே.

நான்கு ஆசைகள்

இனி அந்தச் சகோதரியின் லட்சியங்களுக்கு வருவோம். கல்யாணத்தோடு நின்றுபோன பி.காம். படிப்பில் பாக்கியுள்ள இரண்டு பாடங்களை எழுதித் தேற வேண்டும். சர்வீஸ் கமிஷனின் குரூப் 4 பரீட்சை எழுத வேண்டும். தம் பெயரில் பாங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டப் பழக வேண்டும்.

இதில் எது பேராசை? மாளிகை கேட்டாரா? படிக்க இரண்டு மணி நேரமும், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும்தான் அவருக்குக் குறைவு.

"முயற்சி இருந்தால் முடியும்" என்று புத்திமதி சொல்லுவோர் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: நேரம் இல்லாதவளிடம் முயற்சி எங்கிருந்து வரும்? 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் அங்கன்வாடி பிற்பகலிலேயே மூடிவிடுகிறது. ஆலைச் சங்கு அந்த நேரம் பார்த்து ஊதுவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்தது. அது ஏற்கெனவே வேலையில் இருப்பவளுக்கு. வேலை இருந்தால்தான் காப்பகம். காப்பகம் இருந்தால்தான் வேலை! இந்தச் செக்கைச் சுற்றித்தான் இளம் தாய்மார் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவைப் பரவலாக்கியதும், 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் குழந்தைகளின் பசியை மட்டுமா தீர்த்தன? லட்சக்கணக்கான தாய்மாரின் காலைப் பொழுதையும் மீட்டுத் தந்தன. அடுப்புச் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் அங்கே சமைக்கும் பெண்கள் காலமுறைச் சம்பளத்துக்காக வீதியில் நின்று போராட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வேலை நேரம் முழுவதும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம் வார்டுதோறும் வேண்டும். படிப்பு நின்றுபோன தாய்மாருக்கு மாலை வகுப்பும், பரீட்சைக் கட்டணச் சலுகையும் வேண்டும். குடும்பச் சொத்தில் மனைவிக்குச் சமபங்கு சட்டமாக வேண்டும். சத்துணவு, அங்கன்வாடி ஊழியருக்குக் காலமுறைச் சம்பளம் வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பது இது. நம் வீட்டில் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆலை வாசலில் எட்டு மணி நேரம் பேசும் தோழர், வீடு திரும்பியதும் "காப்பி எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால், அந்தப் பேச்சுக்கு வலு ஏது? உளுந்தை வறுக்க ஆண்பிள்ளைக் கைக்கும் தெரியும். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளலாம், கற்பிக்க ஆசிரியை வீட்டிலேயே இருக்கிறார். 289-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்க எந்தச் சட்டசபையின் அனுமதியும் தேவையில்லை.

சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் குழந்தைக் காப்பகத்தைக் கடைசியில் அல்ல, முதலில் எழுதட்டும். மாதர் கிளைகள் தெருத்தெருவாகக் கணக்கெடுக்கட்டும்: எத்தனை தாய்மாரின் படிப்பு நின்றுபோயிற்று, எத்தனை பேருக்குத் தம் பெயரில் பாங்கிக் கணக்கு இல்லை என்று. கணக்கு கையில் இருந்தால் கோரிக்கைக்குக் கால் முளைக்கும்.

உழைப்பவர் எவரும் சும்மா இருப்பவர் அல்லர்!