விளையாட்டில் தொடங்கும் நடுவயதுக் காதலை ஏளனம் செய்யாதீர்கள்

மணமுறிவுக்குப் பிறகோ துணையை இழந்த பிறகோ தனியாக வாழும் ஐம்பது வயதுக்காரர், கைப்பேசி விளையாட்டில் பழகிய ஒருவரை மணக்கப் போவதாக வீட்டில் சொன்னால் முதலில் கிடைப்பது சிரிப்புதான். ‘பேரப்பிள்ளையைத் தூக்குற வயசுல விளையாட்டு என்ன, கல்யாணம் என்ன?’ என்ற கேள்வி பின்னாலேயே வரும். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சிரிப்பைக் கைவிட வேண்டும். பெரியவர்களின் மனம் நோகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இணையத்தில் துணை தேடும் நடுவயதினருக்கு வரும் ஆபத்தை அதிகமாக்குவதே அந்தச் சிரிப்புதான்.

சிராங்கூன் சாலையைச் சுற்றி ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அத்தனையும் கிடைக்கும். தாலிக்கொடிக்கு நகைக்கடைகள், கூறைப்புடவைக்குத் துணிக்கடைகள், மாலைக்குக் கேம்பல் லேன், காய்கறிக்கு பஃப்ளோ சாலை. கிடைக்காதது ஐம்பது வயதில் ஒரு துணை. சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு. அதில் தமிழர், அதிலும் தனித்திருப்பவர், அதிலும் ஏற்கெனவே மணமாகிப் பிரிந்தவரை ஏற்பவர் என்று சலித்துக்கொண்டே போனால் மிஞ்சுவோர் சிலரே. அவர்களில் ஒருவரோடு தேக்காவில் தேநீர் குடித்தால் மாலைக்குள் உறவினரிடமிருந்து தொலைபேசி வந்துவிடும். இணை சேர்க்கும் வேலையை அரசாங்கமே 1984இல் கையில் எடுத்தது உண்மைதான். ஆனால் அன்றைய அக்கறை, பட்டதாரிகள் காலாகாலத்தில் மணமுடித்துப் பிள்ளை பெற வேண்டும் என்பதுதான். பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. இதற்கிடையே ஒருவர் மட்டுமே வசிக்கும் வீடுகள் 2010இல் சுமார் 12 விழுக்காடாக இருந்து, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16 விழுக்காடாகிவிட்டன.

இப்படித் தனித்திருப்பவர்கள் விளையாட்டில் பழகுவது உண்மையான பழக்கமா என்று கேட்பவர்கள், போக்கிமான் கோ விளையாடும் ஒரு கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனிக்கலாம். 2016 ஆகஸ்ட் மாதம் அது சிங்கப்பூருக்கு வந்தபோது ஹவ்காங்கில் ஒரு புளோக்கைச் சுற்றி இரவெல்லாம் கூட்டம் திரண்டது செய்தியானது. இளையர்கள் பலர் விலகிவிட்டார்கள். நடுவயதினரும் மூத்தவர்களும் விடாமல் தொடர்கிறார்கள். வலுவான போக்கிமான் ஒன்றைத் தனியாளாக வீழ்த்த முடியாது. பலர் சேர்ந்து சில நிமிடங்களுக்குள் தாக்க வேண்டும். அதற்காக ஒரே இடத்தில் கூடும்போது சிலர் தங்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும், கைப்பேசி நின்றுபோன ஓர் அம்மாவுக்காகக் காத்திருந்து, அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பார். திருமணத் தரகர் முதலில் கேட்பது வயது, சம்பளம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் எத்தனை அறை என்பவை. அவை எதுவும் தெரியாமலே இங்கே ஒருவரின் பொறுமை தெரிந்துவிடுகிறது. தோற்கும்போது அடுத்தவர்மேல் பழிபோடுபவர் யார் என்பதும் பத்து ஆட்டங்களில் வெளிப்பட்டுவிடும்.

ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. 45 நாடுகளைச் சேர்ந்த 912 இணைய விளையாட்டாளர்களிடம் கோல், கிரிஃபித்ஸ் இருவரும் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. சுமார் முக்கால்வாசிப் பேர் விளையாட்டில் நல்ல நண்பர்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். 2005க்கும் 2012க்கும் இடையே மணமுடித்த 19,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை ஆராய்ந்த கசியோப்போ குழு, மூன்றில் ஒன்றுக்கும் மேலான திருமணங்கள் இணையத்தில் தொடங்கியவை என்றது. முறிவு அவற்றில் சற்றுக் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓர் இணைய மணமாலை நிறுவனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே இணையத் திருமணமே மேல் என்று அதை வைத்து வாதிட மாட்டேன். இணையத்தில் தொடங்கியது என்பதாலேயே ஓர் உறவு போலியாகிவிடாது என்ற அளவுக்கு அது போதும்.

மோசடி பற்றிய அச்சம் நியாயமானது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். காதல் மோசடி நடக்கும் விதமும் தெரிந்ததுதான். விளையாட்டில் அறிமுகமானவர் சில நாள்களிலேயே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ அழைப்பார். காணொளியில் முகம் காட்டச் சொன்னால் கேமரா பழுது என்பார். பிறகு சுங்கத்தில் சிக்கிய பார்சல், மருத்துவச் செலவு, இரட்டிப்பாகும் முதலீடு என்று ஏதாவது ஒன்று வரும். ‘வீட்டில் சொல்லாதே, உன்னைப் புரிந்துகொள்ள மாட்டார்கள்’ என்று மோசடிக்காரர் ஓதும்போது, வீட்டில் கிடைத்த ஏளனம் அதை உண்மையாக்கிவிடுகிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்று அஞ்சுபவர், முதல் ஆயிரம் வெள்ளி போனபோதும் சொல்ல மாட்டார். 2025 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டம், ஏமாறுபவரின் வங்கிக் கணக்கை முதலில் 30 நாள்வரை கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. எவ்வளவு சொல்லியும் கேட்காதவர்களுக்கான கடைசி வழி அது. அதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் ‘அவரோடு ஒருமுறை காணொளியில் பேசலாமாம்மா?’ என்று மகள் கேட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். அல்லது நல்ல மனிதர் ஒருவர் வீட்டுக்கு அறிமுகமாகியிருப்பார். சந்தேகம் இருந்தால் 1799 என்ற உதவி எண்ணை இருவரும் சேர்ந்தே அழைக்கலாம்.

பப்ஜி விளையாட்டில் பழகிய இளைஞருக்காக 2023இல் பாகிஸ்தானிலிருந்து நான்கு பிள்ளைகளோடு நேப்பாளம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த பெண்ணின் கதையைப் பலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். விசா இல்லாமல் எல்லை தாண்டியது சட்டம் விசாரிக்க வேண்டிய விஷயம். ஆனால் உளவாளியா, நாடகமா என்று தொலைக்காட்சிகள் நடத்திய கூத்து, விளையாட்டில் மலரும் எல்லா உறவுகளுக்கும் அளவுகோலாகிவிடக் கூடாது. மணமானவர்கள் திரைக்குப் பின்னால் துரோகம் செய்வதையும் இந்தக் கட்டுரை ஆதரிக்கவில்லை. துரோகம் அலுவலகத்தில் நடந்தாலும் துரோகமே. இங்கே பேசுவது மணம் செய்துகொள்ள உரிமையுள்ளவர்களைப் பற்றி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு மறுமண உரிமைக்குக் குரல் கொடுத்தது. அந்த இயக்கத்தை நடத்திய பெரியார் அதே ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்தார். கைம்பெண்ணின் மறுமணத்துக்காக அப்படி வாதாடிய மரபில் வந்தவர்கள் நாம். இன்று அம்மாவின் மறுமணத்தை மட்டும் வெட்கக்கேடாக நினைப்பது அந்த மரபுக்குப் பொருந்தவில்லை.

சிரிப்புக்கு அடியில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது சொத்துக் கவலை. அது தப்பில்லை, வாய்விட்டுப் பேசப்படாததுதான் தப்பு. மறுமணம் செய்துகொண்டால், பிள்ளைகளின் பெயரில் முன்பு எழுதிய மத்திய சேமநிதி (மசேநிதி) நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். முஸ்லிம் அல்லாதவர்களின் பழைய உயிலும், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருந்தாலொழிய, செல்லாது. இரண்டும் இல்லாமல் முஸ்லிம் அல்லாத ஒருவர் இறந்தால், சட்டப்படி துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. பலருக்கு இது தெரிவதே இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதைத் திருமணத்துக்கு முன்பே எல்லாரும் உட்கார்ந்து பேசி முடித்து, பதிவுத் திருமணம் நடந்த அந்த வாரத்திலேயே புது நியமனத்தையும் உயிலையும் எழுதிவிடலாம்.