தும்மும் வண்டியும் தையல் ஊசியும்

திருப்பூரில் ஓடும் லாரிகளிலேயே பெரியது எது தெரியுமோ? டி.வி.எஸ். 50! 1980-ல் ஓசூரிலிருந்து அது வந்தபோது இரண்டு பேர் உட்காரும் மொபெட். நம் காதர்பேட்டைக்காரர்கள் அதையே எட்டு மூட்டை உட்காரும் வண்டியாக்கி விட்டார்கள். ஓட்டுகிறவர் எங்கே என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டிங் முடிந்த துணி பவர் டேபிளுக்குப் போகணும், அங்கிருந்து காஜா பட்டன், செக்கிங், அயர்ன்... பாதி ஊரைச் சுற்றுகிற பனியனுக்கு வாகனம் இந்த மொபெட்தான். அது பி.என். ரோட்டில் இரண்டு தும்மல் போட்டு நின்றால், பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்காக்கள் சும்மா உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்த நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

வண்டி நின்றதும் நாலு பேர் கூடுவார்கள். "கார்புரேட்டருங்ணா!" என்பார் ஒருவர். இன்னொருவர் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்து, கண்ணில் பட்ட ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்து விடுவார். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுக்கு இது மட்டும் ஆகாது. "ஏனுங் தம்பி, ஸ்க்ரூ பாட்டுக்கு இருந்த எடத்துலதான இருக்குது? மொதல்ல ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க" என்பார்.

கழற்றினால், அரை பனியன் நெய்யுமளவுக்குப் பஞ்சு! ஊரே நிட்டிங் பஞ்சில் மிதக்கும்போது ஃபில்டர் மட்டும் சுத்தமாக இருக்குமா? பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்காகவே சொல்கிறேன். எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்றால் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகும். காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும். புகை கறுக்கும், பிளக் கறுத்து ஈரமாக வரும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் கதை வேறு. ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். ஆர்டர் இல்லாமல் இரண்டு, மூன்று மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, முடி நுழையும் துவாரத்தில் உட்கார்ந்து கொள்ளும். பெட்ரோலில் கழுவிக் காற்றடித்தால் போகும். ஆனால் நம்மூரில் கைக்கெட்டும் தூரத்தில் தையல் ஊசி இருக்கிறதே! ஜெட் பித்தளை. குத்தினால் துவாரம் பெரிதாகும். அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடிக்காது, குளிக்கும்.

நின்று போன வண்டியைக்கூட நம்பலாம். பாதி அடைப்போடு ஓடுகிற வண்டியைத்தான் நம்பக் கூடாது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும். பிளக் வெள்ளையாக வந்தால் உஷார்! அதற்கு மேலும் மூட்டை ஏற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நூறு ரூபாயில் முடிகிற வேலை சில ஆயிரத்தில் போய் நிற்கும்.

கம்பெனி காம்பவுண்டில் வேப்பிலை ஊதும் மெஷின், பல்லடம் பக்கம் தோட்டங்களில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷின்... இவற்றில் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இருந்தால் அதற்கும் இதே ஜாதகம்தான்.

போதாக்குறைக்கு, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷரை ஊத வைக்கும். வண்டியை நாள் கணக்கில் நிறுத்துவதானால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும்.

2015-ல் எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. 2020-ல் அதில் கார்புரேட்டரே போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அண்ணன் அசரவில்லை. "பஞ்சு போயிருச்சுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வண்டியின் ஃபில்டரைக் கழற்றப் போய்விட்டார்.