வினாத்தாளில் பட்டறைக்காரருக்கும் இடம் கொடுங்கள்

சமூகப் பொறுப்பு என்ற சொல் இல்லாத எம்பிஏ பாடத்திட்டத்தை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று சொன்னது. அதன்பின் சிஎஸ்ஆர் எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு ஒரு தனித் தாளாகவும் தனி வேலைவாய்ப்பாகவும் வளர்ந்துவிட்டது. மாணவர்கள் கிராமத்துக்குப் போகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், அறிக்கை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த 2 ரூபாயை ஒதுக்கித் தந்த 100 ரூபாய் லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி சிஎஸ்ஆர் தாளிலும் வருவதில்லை, நிதி மேலாண்மைத் தாளிலும் வருவதில்லை.

நடைமுறை மூலதனப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வரவேண்டியதைச் சீக்கிரம் வசூலி, கொடுக்கவேண்டியதைத் தாமதமாகக் கொடு என்பதுதான் அதன் சாரம். மாதம் 1 கோடி ரூபாய்க்கு உதிரிபாகம் வாங்கும் நிறுவனம், பணம் தரும் தவணையை 30 நாளிலிருந்து 90 நாளாக்கினால் 2 கோடி ரூபாய் எப்போதும் அதன் கையிலேயே நிற்கும். வங்கி வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 20 லட்சம் மிச்சம். கணக்கு சரி, மாணவருக்கு முழு மதிப்பெண். இப்போது கோவையில் அந்த உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகளின் பக்கம் வாருங்கள். கூலியையும் கரண்ட் பில்லையும் 90 நாள் தள்ளிப்போட முடியாது. அந்த 2 கோடியைப் பட்டறைக்காரர்கள் வெளியில் 18 சதவீத வட்டிக்குப் புரட்டினால் ஆண்டுக்கு 36 லட்சம் போகிறது. ஒருவர் 20 லட்சம் மிச்சம் பிடிக்க இன்னொருவர் 36 லட்சம் இழப்பதைத் திறமை என்று கற்றுக்கொடுக்கும் பாடம், வெறும் கணக்காகப் பார்த்தாலும் பாதிதான்.

சட்டமும் பட்டறைக்காரர் பக்கம்தான் நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பலன் போதவில்லை. அதனால்தான், உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைக்க முடியாது என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இறுக்கிப் பிடித்தது. ஒரே விஷயத்துக்கு இரண்டு சட்டம் தேவைப்பட்டது என்றால், பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தொழில் திறமையும் பொறுப்பும் ஒரே கணக்கில் சேர முடியுமா என்று கேட்பவர்கள் மதுரையைப் பார்க்கலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். அங்கே அறுவைக்கூடத்தில் மேசைகள் அருகருகே இருக்கும். ஒரு மேசையில் கண்புரை அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் நோயாளியைச் செவிலியர் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். மருத்துவரின் நேரம் வீணாகாததால் ஒரு அறுவைக்கான செலவு இறங்குகிறது. கட்டணம் செலுத்துபவர்களின் வருவாய் செலுத்த இயலாதவர்களையும் தாங்குகிறது. வெளிநாட்டு விழிவில்லை 100 டாலர் அளவில் விற்றபோது, 1992இல் தொடங்கப்பட்ட அரவிந்தின் விழிவில்லைத் தொழிற்கூடமான ஆரோலேப் அதை ஏறத்தாழ 10 டாலருக்குத் தந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் அரவிந்தை ஆய்வுப் பாடமாக்கியது. அரவிந்த் ஓர் அறக்கட்டளை, பங்குதாரருக்குப் பதில் சொல்லும் கம்பெனி அப்படி நடக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே இலவச சிகிச்சையைச் சாத்தியமாக்கியது செலவுக் கணக்கும் உற்பத்தி மேலாண்மையும்தான். அவை எந்தக் கம்பெனிக்கும் பொதுவானவை.

லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதியதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், ஆட்ட விதிகளுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையை அவரே சேர்த்திருந்தார். 45 நாள் என்பதும் ஆட்ட விதிதானே? இன்னும் சிலர், 23 வயதுக்காரருக்கு ஒழுக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க முடியாது என்கிறார்கள். இதில் வலுவான நியாயம் இருக்கிறது. 2008இல் நல்ல நிர்வாகத்துக்கான விருது வாங்கிய சத்யம் நிறுவனம் அடுத்த ஜனவரியில் மோசடியை ஒப்புக்கொண்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், நிறுவனரின் குடும்பத்துக்கு வேண்டிய இரண்டு கம்பெனிகளை வாங்க இசைந்த அதன் இயக்குநர் குழுவில் பெயர்பெற்ற மேலாண்மைப் பேராசிரியர்களும் இருந்தார்கள். எனவே நான் நீதிபோதனை வகுப்பு கேட்கவில்லை. யாருடைய பணம் யாருக்குப் போகிறது என்று ஒவ்வொரு கணக்கிலும் கேட்கும் பயிற்சியைக் கேட்கிறேன்.

20 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்கு வேலைதான் முக்கியம் என்ற கவலையும் நியாயமானது. அந்தக் கவலைக்கு பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடமே பதில் இருக்கிறது. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் பொறுப்பு அறிக்கை தாக்கல் செய்வது 2022-23 முதல் கட்டாயம். அதன் மையக் குறியீடுகளில், சரக்கு தந்தவர்களுக்குப் பணம் கொடுக்க எத்தனை நாளாகிறது என்பதும் ஒன்று. இதைக் கணக்கிடவும் குறைக்கவும் தெரிந்தவர்கள் நிறுவனங்களுக்குத் தேவை.

திருச்சி ஐஐஎம் முதல் மாவட்டத் தலைநகர் கல்லூரி வரை நிதித் தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 90 நாள் கணக்கை வரும் பருவத்திலும் கேளுங்கள். கூடவே, பட்டறைக்காரரின் வட்டி எவ்வளவு, 45 நாளில் பணம் கொடுத்துவிட்டு அதே லாபத்தை வேறு எங்கே தேடலாம் என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்து, அதற்கும் சம மதிப்பெண் போடுங்கள்.