ஈரமானி காட்டுவது ஈரமா, உப்பா?

சொட்டு நீர்ப் பாசனத்துடன் இணைத்து வைக்கும் மின்னணு ஈரமானிகள் பல விலைகளில் விற்பனைக்கு வந்துள்ளன. மலிவான கருவி காட்டும் எண்ணை நம்பி மோட்டாரை நிறுத்துவது, உப்புக் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஏற்றதல்ல.

மண்ணில் செருகும் இரு தகடுகளும் அவற்றிடையே உள்ள மண்ணும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. மின்சாரத்தைத் தேக்க உதவும் தன்மையில் காற்றை 1 எனக் கொண்டால், உலர்ந்த மண் 3 முதல் 5 வரை. தண்ணீரோ சுமார் 80. ஆகவே ஈரம் கூடினால் தேக்கம் கூடி, கருவி எழுப்பும் அலையின் அதிர்வெண் குறைகிறது. இதில் உள்ள சில்லு அவ்வப்போது விழித்து, நொடிப்பொழுதில் அலைகளை எண்ணிவிட்டு உறங்கிவிடும். சிறு பேட்டரியே போதும்.

சிக்கல் உப்பில்தான். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தவும் செய்கிறது. தேக்கத்தினால் வரும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று முந்திச் செல்லும். கடத்தலினால் வருவது உடன் செல்லும். இந்தக் கட்ட வேறுபாட்டையும் அளக்கும் கருவியே ஈரத்தையும் உப்பையும் பிரித்தறியும். அதிர்வெண்ணை மட்டும் எண்ணும் கருவிக்கு அது இயலாது. நொடிக்குச் சில லட்சம் அலைகளில் இயங்குபவை அதிகம் ஏமாறும். 5 கோடிக்கு மேல் இயங்குபவற்றில் உப்பின் பாதிப்பு குறைவு. உவர் மண்ணில் பெரும்பாலும் இல்லாத ஈரம் இருப்பதாகக் காட்டுவதால் பாசனம் தள்ளிப்போகும். ஏற்கனவே உப்பினால் நீரை உறிஞ்சத் திணறும் பயிர் மேலும் வாடும். (கரிசலில் தொல்லை நேர்மாறானது. தகடு வெடிப்பில் அமைந்தால் காற்றை அளந்து, காய்ச்சல் என்று காட்டும்.)

எந்த அதிர்வெண்ணில் இயங்குகிறது, எந்த மண்ணில் சரிபார்க்கப்பட்டது, எவ்வளவு உப்பு வரை சரியாகக் காட்டும் என்பவற்றைப் பெட்டியின் மேலேயே அச்சிடுமாறு விற்பனையாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். துல்லியம் இத்தனை சதம் என்ற விளம்பரம் ஆய்வுக்கூட மணலுக்குப் பொருந்தலாம், வயலுக்கு அல்ல.

வாங்கிவிட்டவர்கள் தாங்களே சரிபார்க்கலாம். கருவியின் அருகில் 100 கிராம் மண் எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 80 கிராம் இருந்தால் எடை அளவில் ஈரம் 25 சதம். பல கருவிகள் கன அளவில் காட்டுவதால், இதை மண்ணின் பருமன் அடர்த்தியால் பெருக்க வேண்டும், அடர்த்தி 1.4 எனில் 35 சதம். பாசனத்துக்கு மறுநாள் ஒரு முறை, இடையில் ஒரு முறை, அடுத்த பாசனத்துக்கு முன் ஒரு முறை என மூன்று தடவை ஒப்பிட்டுக் குறித்து வைத்தால், கருவி எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.