முன்சீப்பின் இறையழைத்தல்

'இறையழைத்தல்' என்ற சொல்லைத் தமிழகக் கத்தோலிக்கர் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் வழங்குகின்றனர். குருமடத்திற்கோ கன்னியர் மடத்திற்கோ செல்பவர்க்கு அது உண்டு, குடும்பத்தாருக்கு இல்லை. உலகைச் செம்மைப்படுத்துவது இல்லறத்தாரின் கடமையும்கூட என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகவே கூறியது. ஆனாலும் பழைய வழக்கு அப்படியே நிற்கிறது. அச்சங்கத்திற்கு நூறாண்டு முன்னரே அக்கடமையைத் தம் அலுவலக மேசையில் கண்டுகொண்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889).

தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்ற இரண்டு மதிப்பெண் விடையாகவே நம் மாணவர்க்கு அவர் அறிமுகமாகிறார். அவருடைய கிறித்தவத்தைப் பேச வருவோரோ திருவருள் மாலையையும் தேவமாதா அந்தாதியையும் எடுத்துக்கொள்வர். பக்தி நூல்கள் அவை, குறையொன்றுமில்லை. ஆயினும் அவருடைய சமயம் முழு உருக்கொண்டது 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலில் என்பேன். பெயரைக் கேட்டுச் சைவ சித்தாந்த நூல் என மயங்க வேண்டா. 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் வழங்கப்பட்ட நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கத் தொகுப்பு அது. நிலத்தை இழந்த உழவனுக்குத் தான் எந்தச் சட்டத்தால் இழந்தான் என்பது விளங்காத காலம். ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின் முன்சீப் ஆனவர், அந்த இருளை உள்ளிருந்தே பார்த்தவர். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிடும் கூத்தைப் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஞானாம்பாள் வாயிலாக அவர் சாடுவதும் இவ்வனுபவத்தின் விளைச்சலே. பசித்தவனுக்குச் சோறிடுவது அறம் என்பதை எல்லாச் சமயங்களும் சொல்லும். அவன் ஏன் தோற்றான் என்பதை அவன் மொழியில் அவனுக்குச் சொல்வதும் அறமே என்று உணர்வதற்கு வேறொரு கண் வேண்டும். நீதிநூலில் (1859) கைக்கூலியைக் கண்டித்துப் பாடியவர் நீதிமன்றத்திலேயே அமர்ந்திருந்தவர் என்பதையும் மறக்கலாகாது.

சோறிடுவதை அவர் குறைவாகக் கருதினார் என்பதன்று. 1876–78 பெரும்பஞ்சத்தில், நிவாரண முகாமில் உழைக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு சிறு காசும் போதும் என்று ஆங்கில அரசு கணக்கிட்டது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அப்போது பதவியில் இல்லாத வேதநாயகர் தம் கைப்பொருளைக் கொடுத்து மாயூரத்தில் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவர்மீது கீர்த்தனை பாடினார். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரை இக்கத்தோலிக்கர் பாடினார். சிவபக்தரான பாரதியார் இக்கத்தோலிக்கரைப் பாடினார். பஞ்சக் காலத்தில், 1878இல், அவர் வெளியிட்ட நூலின் பெயர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். பெயருக்கேற்ற வாழ்க்கை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. மதம் மாற்றுவதற்கே கிறித்தவர் கஞ்சி வார்த்தனர் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த மாயூரத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்கும் எல்லைகள் இருந்தன. பெண் கல்விக்காக எழுதினார், பள்ளியும் நடத்தினார். ஆயினும் அவர் விரும்பிய கற்ற பெண், நல்ல இல்லாளாகவே கற்கிறாள். சாதியைப் பற்றிய அவர் குரல் இன்னும் மெலிந்தது. தொழிலாளர் நிலை குறித்துப் பதின்மூன்றாம் சிங்கராயர் சுற்றுமடல் விடுத்த 1891ஆம் ஆண்டுக்கு இரண்டாண்டு முன்பே அவர் மறைந்தார் என்று சமாதானம் கூறலாம். ஆனால் சாதிக்கு உரோமையிலிருந்து மடல் வர வேண்டிய தேவையில்லை. அவர் பிறந்த திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலேயே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சாதியின்பேரில் பிரித்த சுவரை இடிக்கக் கோரிக் கிறித்தவரே போராட வேண்டியிருந்தது.

கிறித்தவக் கல்லூரிகளில் வாரந்தோறும் அறநெறி வகுப்பு நடக்கிறது. வேறு மாநிலத்துப் புனிதர் வரலாறுகளோடு, நம்மூர் முன்சீப் ஒருவர் தீர்ப்புகளைத் தமிழாக்கிய கதையையும் அங்கே சொல்லலாம். சட்டம் பயிலப் போகும் மாணவர் இருவரேனும் அவ்வகுப்பில் இருப்பர்.